பளபளப்புக்கு அடியில் இருக்கும் வேலை

ட்ரையம்ப் ஹெரால்ட் கார் 1959ல் பிரிட்டனில் வெளிவந்தபோது அதன் உடம்பு முழுவதும் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. தளம், பக்கங்கள், கூரை எல்லாவற்றையும் வெல்டிங் செய்து ஒரே கூடாக மாற்றும் முறைக்கு மற்ற நிறுவனங்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை, 1953ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. அதனால் தனியாக ஒரு சேசிஸ் செய்து, வெவ்வேறு ஆலைகளில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட்டால் பூட்டிவிடலாம் என்று முடிவானது. அந்தத் தகடுகளுக்கு இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அழகான கோடுகளை வரைந்து கொடுத்தார்.

அன்றைய நெருக்கடி இன்று சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. 1961 முதல் இதே காரை, 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில், வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்தது. பின்னாளில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்த ஹெரால்டும் வந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் உடம்பே கூடு. அதிலிருந்து பெரிய பாகங்களைப் பிரிப்பது லேசில்லை. ஹெரால்டிலோ இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்த முழு பானட்டும் முன்பக்கமாகக் கவிழும். போல்ட்டைக் கழற்றினால் தனியே வந்துவிடும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் தகடும் அப்படித்தான். வீட்டு கார் ஷெட்டில் ஒரு நேரத்தில் ஒரு தகடாக வேலை பார்க்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான கார் கிடைப்பது அரிது.

பழைய காரைப் புதுப்பிக்கத் தொடங்கியதுமே பேச்சு நிறத்தைச் சுற்றி ஓடும். ஆனால் ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடிக்கும் நேரம் சில மணிகள்தான். அதற்கு முந்தைய வேலை மாதக்கணக்கில் இழுக்கும். வரிசையில் வண்டிகள் காத்திருக்கும் பட்டறையில் அந்த மாதங்களை ஒரே வண்டிக்குக் கொடுக்க முடியாது. பள்ளத்தில் பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பத்தான் நேரம் இருக்கும். வீட்டில் செய்பவரிடம் கருவிகளும் கைப்பழக்கமும் குறைவு. நேரம் மட்டும் தாராளமாக உண்டு. அந்த நேரம் முழுப் பலன் தருவது தகடுகளைப் பெயின்ட்டுக்குத் தயார் செய்யும் கட்டத்தில்தான்.

கழற்றுவதற்கு முன்

முதல் கருவி கேமரா. ஒவ்வொரு மூட்டையும், கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளியையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, அந்தந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவைப்பது இன்னும் நல்லது. கழற்றிய போல்ட், வாஷர், கிளிப் எல்லாம் பெயர் எழுதிய தனித்தனிப் பைகளுக்குள் போகட்டும்.

ஹெரால்டில் இன்னொரு கவனமும் தேவை. சேசிஸுக்கும் உடம்புக்கும் நடுவே ஆங்காங்கே மெல்லிய சிம் தகடுகள் இருக்கும். கதவு சரியாகச் சாத்துவதும் பானட்டின் பின்விளிம்பு நேராக நிற்பதும் அந்தச் சிம்களைப் பொறுத்தது. எந்த இடத்தில் எத்தனை சிம் இருந்தது என்று குறித்துவைக்காமல் பிரித்தால், எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போது கதவு மேலே உரசும், கீழே இடைவெளி விடும்.

அடுத்தது நோயறிதல். சாதாரணக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடம்பு முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். தகடு இருக்கும் இடத்தில் கவ்விப் பிடிக்கும். கனமான பட்டியின் மேல் நழுவும். சக்கர வளைவுகளின் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, சில் தகடு, டிக்கியின் தளம், பின்புற பம்பருக்குக் கீழுள்ள தகடு ஆகியவை ஹெரால்டில் துரு முதலில் பிடிக்கும் இடங்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும் விட்டுவிடக் கூடாது. அந்த இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால், உள்ளே அரித்துப்போன தகடு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய பெயின்ட்டை உரித்தல்

அமெரிக்காவில் 1923ல் ஓக்லாண்ட் கார்களில் டூபான்ட் நிறுவனத்தின் 'டியூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் ஏறியது. அதுவரை வார்னிஷ் முறையில் வாரக்கணக்கில் காய்ந்த கார்கள் அதன்பின் நாள்கணக்கில் காய ஆரம்பித்தன. நம்மூர்ப் பட்டறைகளில் அந்த வகைப் பெயின்ட்டுக்கு இன்றைக்கும் டியூகோ என்றுதான் பெயர். வண்டியில் இப்போது இருப்பது அதுதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. டிக்கி மூடியின் உட்புறம் போன்ற மறைவிடத்தில், லாக்கர் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர் வகை. அதன்மேலேயே புதிய பெயின்ட்டை அடித்தால், அதிலுள்ள தின்னர் பழையதைக் கிளப்பிச் சுருங்கவைத்துவிடும். பல அடுக்குப் பெயின்ட் ஏறிய பழைய காரில் தகடுவரை உரித்துவிடுவதே நிம்மதி.

உரிக்கப் பல வழிகள் உண்டு. மணலை வேகமாகப் பீய்ச்சும் பிளாஸ்டிங் முறை சேசிஸுக்கும் கனமான பாகங்களுக்கும் ஏற்றது. பானட், கதவு, கூரை போன்ற அகன்ற மெல்லிய தகடுகளுக்கு அது ஆபத்து. மணல் மோதும் பக்கம் மட்டும் உலோகம் விரிய, தகடு அலை அலையாக வளைந்துவிடும். பிறகு அதை நேராக்குவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரட்டை மடிப்புகளுக்குள் புகுந்த அமிலத்தை முழுவதும் கழுவி எடுப்பது கடினம்; புதுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பின்னாளில் அது கசியும்.

வீட்டுக்குப் பொருந்துவது ரசாயன ஸ்ட்ரிப்பரும் உப்புத்தாளும்தான். ஸ்ட்ரிப்பர் வாங்கும்போது டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வேகமாக வேலை செய்யும் பழைய ஸ்ட்ரிப்பர்களில் டைகுளோரோமீத்தேன் இருக்கும். மூடிய அறைக்குள் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் இறந்திருக்கிறார்கள்; 2019ல் அமெரிக்கா அதைப் பெயின்ட் உரிப்பதற்காகப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது. எந்த ஸ்ட்ரிப்பராக இருந்தாலும் திறந்த வெளியில், ரசாயனம் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் வேலை செய்ய வேண்டும். தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அதைத் தடவாமல், அந்த இடங்களைக் கையால் தேய்த்து எடுப்பது பாதுகாப்பு.

ஐம்பது, அறுபது ஆண்டு பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அன்றைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈய குரோமேட் வழக்கமான நிறமி. பிரைமரில் செவ்வீயமும் உண்டு. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய பெயின்ட்டைத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். வடிந்த சேற்றைத் துணியில் வழித்து மூடிய டப்பாவில் போட வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது.

துருவோடு கணக்குத் தீர்த்தல்

இரும்பு துருவானால் அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். அதனால்தான் ஒரு ஊசித்துளை அளவுத் துரு, மேலே நெல்லிக்காய் அளவுக்குப் பெயின்ட்டைத் தூக்கி நிறுத்துகிறது. மேலாகத் தெரிவதைச் சுரண்டினால் போதாது. குழிகளின் அடிவரை எடுத்தாக வேண்டும்.

கழற்றி எடுத்த சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, கூடவே ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவ் முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றைப் பாசிட்டிவ் முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் துரு கழன்று வரும். நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் வாளி திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாமல் இருக்க வேண்டும். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் துண்டை மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலந்துவிடும்.

பெரிய பாகங்களுக்கு, ஒரு பங்கு மொலாசஸில் ஏறக்குறைய ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரக்கணக்கில் ஊறப்போடும் முறையைப் பல நாட்டு ஆர்வலர்கள் கையாள்கிறார்கள். நாற்றம் பலமாக இருக்கும். ஆனால் தகடு சுத்தமாகிவிடும்.

குழிகளில் மிஞ்சும் துருவுக்குக் கன்வெர்ட்டர் திரவம் தடவுவார்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். முதலாவது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். பதினாறு நூற்றாண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணின் மேல் படிந்திருக்கும் காப்புப் படலமும் பாஸ்பேட் வகைதான் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். இரண்டாவது, துருவைக் கருநீலமான டானேட்டாக மாற்றும். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு உண்டாவது இதே வேதியியலால்தான். எந்தக் கன்வெர்ட்டரும் ஓட்டையை அடைக்காது. பாஸ்பாரிக் அமிலம் பட்ட இடத்தை டப்பாவில் சொல்லியபடி கழுவி உலர்த்தாமல் விட்டால், அதன்மேல் எபாக்ஸி பிரைமர் ஒழுங்காக ஒட்டவும் செய்யாது.

சுத்தியலும் டாலியும்

ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடுதான் வைக்க வேண்டும். பட்டியால் அடைத்த ஓட்டை பின்பக்கமாக ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு மழைக்காலத்தில் கொப்பளித்துவிடும். அரித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் ஒரு துண்டைச் செதுக்கி விளிம்போடு விளிம்பு பொருத்தி மிக் வெல்டிங் செய்யலாம். ஒரே மூச்சில் கோடு இழுக்காமல் இங்கொரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி என்று தாவித் தாவி வைத்து, ஒவ்வொன்றும் ஆறக் காத்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு சூட்டில் சட்டென நெளிந்துவிடும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், ஹெரால்டில் டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவிடுவதும் கட்டாயம்.

நசுங்கலை எடுப்பதுதான் டிங்கரிங் கலையின் உயிர். தகட்டுக்கு அடியில் டாலி என்ற இரும்புக் கட்டையைக் கையில் பிடித்து, மேலிருந்து சுத்தியலால் தட்டுவார்கள். டாலிக்கு நேர்மேலே தட்டினால் தகடு விரியும். டாலியைப் பள்ளத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்து, பக்கத்து மேட்டைத் தட்டினால் பள்ளம் எழும், மேடு இறங்கும். புதிதாகப் பழகுபவர் டாலிக்கு நேராக ஓங்கி அடிக்கத்தான் ஆசைப்படுவார். விளைவு, விரிந்த தகடு நடுவில் தளர்ந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போய் டப்பென்று வெளியே வரும். அதைச் சுருக்க ஒரு சிறு வட்டத்தை மட்டும் சூடேற்றி ஈரத்துணியால் குளிரவைக்க வேண்டும். மெல்லத் தட்டிப் பழகினால் அந்த வேலையே மிச்சம்.

எல்லாத் தகட்டையும் நேராக்கியபின், பெயின்ட் எண்ணமே இல்லாமல் ஒருமுறை அத்தனையையும் சேசிஸில் பூட்டிப் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தி, பானட்டை இறக்கி, முன்பு குறித்த இடைவெளிகளோடு ஒப்பிட வேண்டும். இந்த நாள் வீணாகப் போவதாகத் தோன்றும். புதுப் பெயின்ட் ஏறிய கதவின் விளிம்பை அரத்தால் ராவ நேரும்போது அந்த ஒரு நாளின் மதிப்பு புரியும்.

பட்டிக்கு ஓர் எல்லை

ஐம்பதுகள் வரை உலகெங்கும் மூட்டுகளையும் பள்ளங்களையும் ஈயமும் தகரமும் கலந்த பற்றாசால் நிரப்பினார்கள். மயாமியில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் ஸ்பிங்க் 1955ல் பாலியெஸ்டர் பிசினையும் டால்க் மாவையும் கலந்து 'பாண்டோ' என்ற பட்டியை உருவாக்கினார். இன்று பட்டறைகளில் பரவலாகக் காணும் இரட்டைக் கலவைப் பட்டி அந்த வகையைச் சேர்ந்தது.

பட்டி கெட்ட பொருள் கிடையாது. அளவு மீறும்போதுதான் அது கேடு. சுத்தியலால் முடிந்தவரை நேராக்கிய தகட்டில், கடைசி ஓரிரு மில்லிமீட்டர் அலையைச் சமன்படுத்த அது உதவும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் திரும்பவும் டாலியைக் கையில் எடுக்க வேண்டிய நேரம். ஹார்டனர் எடையில் சுமார் 2 சதவீதம் போதும். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். ஹார்டனரை அள்ளிப் போட்டால் அதிலுள்ள பெராக்சைடு மேலே ஊறி, வெளிர்நிறப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும்.

நம் பட்டறைகளில் பட்டியைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்கும் பழக்கம் உண்டு. பின்னாளில் கொப்புளம் கிளம்ப இது ஒரு முக்கியக் காரணம். டால்க் நிறைந்த பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் முகமூடி அணிந்து உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும்: வடிவம் கொண்டுவர 80ஆம் எண் உப்புத்தாள், அதன் கீறலைப் போக்க 120, பின் 180. தண்ணீரை, பிரைமர் ஏறி மூடியபிறகு தாராளமாக விடலாம். முதலில் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமர் அடித்துவிட்டு அதன்மேல் பட்டி போடுபவர்கள் கூடி வருகிறார்கள். ஈரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு முழுத் தடுப்பு கிடைப்பதால் கடலோர ஊர்களுக்கு அது மிகப் பொருந்தும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் மட்டும் பட்டி போடக் கூடாது. அது சரியாக இறுகாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கறுப்பு

பட்டி முடிந்ததும் கனமாகப் படியும் ஹை-பில்ட் பிரைமர் இரண்டு மூன்று கோட் ஏறும். மங்கலான பிரைமரில் எந்த அலையும் தெரியாது. பளபளப்பு ஏறியபின்தான் டியூப் லைட்டின் பிம்பம் நெளியும். அதை முன்கூட்டியே பார்க்க கைட் கோட் என்ற உத்தி உண்டு. பிரைமரின் மேல் கறுப்புப் பெயின்ட்டைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவ வேண்டும். காய்ந்ததும் நீளமான கட்டையில் 320ஆம் எண் தாளைச் சுற்றி, எக்ஸ் வடிவில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். பிரைமர் கரைந்து இரும்பு எட்டிப் பார்க்கும் இடம் மேடு. விரல்களால் தாளை அழுத்தித் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் விரல் இறங்கிப் போய்க் கறுப்பை அழித்துவிடும். கட்டை அப்படி ஏமாறாது.

நல்ல டிங்கர்கள் இங்கே கண்ணைவிட உள்ளங்கையை நம்புவார்கள். மெல்லிய துணியைத் தகட்டில் போட்டு, அதன்மேல் கையைத் தட்டையாக வைத்து நீளவாக்கில் இழுத்தால், கண்ணுக்குத் தப்பிய அலைகூடக் கைக்குத் தட்டுப்படும். கறுப்பு முழுவதும் ஒரே சீராக மறையும்வரை பிரைமர், கைட் கோட், தேய்ப்பு என்று மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். கடைசியில் 400, 600 எண்களில் தேய்த்தால் தகடு நிறத்துக்குத் தயார்.

ஈரமும் எண்ணெயும்

உரித்த இரும்பைக் கடற்காற்று வீசும் ஊரில் ஓர் இரவு வெறுமனே விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு கைரேகையாகவே துருப்பிடிக்கும். எனவே ஒரே நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உரித்துக்கொண்டு, ஒவ்வொரு தகடாக முடிப்பதுதான் சரி.

காற்றின் ஈரத்துக்கும் கணக்கு உண்டு. தகட்டின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஏறக்குறைய 26 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கும். இரவெல்லாம் குளிர்ந்த தகட்டில் விடியற்காலையில் பிரைமர் அடிப்பவர், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் அடிக்கிறார். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் டிங்கரிங் வேலையை முடித்துக்கொண்டு, பிரைமரையும் பெயின்ட்டையும் வறண்ட மாதங்களுக்குத் தள்ளுவது உத்தமம்.

ஒவ்வொரு தேய்ப்புக்கு முன்னும் எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். தேய்த்தபின் துடைத்தால் போதாது. டாஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கான், உப்புத்தாளின் கீறலுக்குள் அமுங்கிப் போய்விடும். பிறகு பெயின்ட் அங்கே மட்டும் விலகி, மீன்கண் போலக் குழி விழும். துடைக்க இரண்டு துணிகள் வேண்டும். ஒன்று திரவத்தில் நனைந்தது, மற்றது உலர்ந்தது. முதல் துணியின் ஈரம் காயுமுன் இரண்டாவது அதை எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் செய்பவர் நிற்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. இன்றைய 2கே பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் துளிகளைச் சுவாசித்தவருக்கு நிரந்தர ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பின்னர் சிறு அளவும் தாங்காது. தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லாதவர், தயார் செய்த தகடுகளைப் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் ஒப்படைத்து நிறத்தை மட்டும் அங்கே அடிக்கச் சொல்லலாம்.

நிறம் ஏறிய தகடுகள் வீடு திரும்பியதும் ஒரு வேலை மிச்சமிருக்கும். கதவு, சில், பானட் விளிம்பு ஆகியவற்றின் உட்குழிவுகளில் மெழுகுத் திரவத்தை நீளக் குழாய் வழியே தெளிக்க வேண்டும். கதவின் அடியில் ஆலையே விட்ட வடிகால் துவாரங்களைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் திறக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும் மழைநீருக்கு வேறு வழி இல்லை. பெரும்பாலான கதவுகள் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் ஒரு கம்பியால் அந்தத் துவாரங்களைச் சுத்தம் செய்து, ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றி அது முழுவதும் வடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.